தேமல், படை, அக்கி: நம் ஊர்த் தோல் சொற்கள்

தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் ஒரே தெருவில் மூன்று மொழி புழங்கும். தோலில் வட்டமாக ஒன்று கிளம்பினால் தமிழ் வீட்டில் அது படர்தாமரை, பக்கத்துத் தெலுங்கு வீட்டில் தாமர, எதிர்க் கன்னட வீட்டில் ஹுளுகட்டி. வெள்ளை விழுந்தால் நமக்கு வெண்புள்ளி, தெலுங்கில் பொல்லி, கன்னடத்தில் தொன்னு. ராத்திரி தூங்கவிடாமல் அரித்தால் நாம் சொறி சிரங்கு என்போம். மற்ற இருவருக்கும் அது கஜ்ஜி, தெலுங்கில் மட்டும் முதலெழுத்து கொஞ்சம் கனத்து ஒலிக்கும். மூன்று வீட்டாரும் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் நாலாவதாக ஒரு மொழி வந்து நிற்கும்: டீனியா, விட்டிலைகோ, ஸ்கேபீஸ்.

அந்த நாலாவது மொழியைக் கண்டு பலர் மிரளுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அதுவும் யாரோ ஒரு ஊர்க்காரரின் பேச்சுதான். டீனியா என்றால் லத்தீனில் புழு, துணியை அரிக்கும் அந்துப் புழு. கன்னடத்து ஹுளுவும் புழுவே. பிட்டிரியாசிஸ் என்பது கிரேக்கத்துப் பிட்டிரான் என்ற சொல்லில் இருந்து வந்தது. பிட்டிரான் என்றால் தவிடு. பொடுகுக்கு மருத்துவப் புத்தகம் பிட்டிரியாசிஸ் கேப்பிட்டிஸ் என்று பெயர் வைத்திருக்கிறது, தலைத் தவிடு. கன்னடத்தில் பொடுகுக்குத் தலெஹொட்டு. ஹொட்டு என்றாலும் உமி, தவிடுதான். கிரேக்கத்து வைத்தியரும் தளிப் பக்கத்துப் பாட்டியும் ஒரே பொருளைப் பார்த்து ஒரே உவமையைச் சொல்லியிருக்கிறார்கள். ஹெர்ப்பிஸ் என்றால் ஊர்ந்து போவது. ஸோஸ்டர் என்றால் இடுப்புக் கச்சை. எக்ஸிமா என்றால் பொங்கி வழிவது. முடி உதிர்வுக்கான அலோபீசியாவில் இருப்பது நரி, சொறி பிடித்து மயிர் கொட்டிய நரி.

இந்தச் சொற்கள் எல்லாமே கண் கண்டதைச் சொல்பவை. காரணத்தைச் சொல்வதில்லை. டீனியாவில் புழு கிடையாது, பூஞ்சைதான் உண்டு. தமிழில் நாம் சொல்லும் தேமல், படை, அக்கி, கரப்பான், சிரங்கு ஆகியவையும் அப்படியே. கண்டதைச் சொல்ல இவற்றைவிட நல்ல சொற்கள் இல்லை. ஆனால் அவற்றையே நோயின் பெயராக எடுத்துக்கொண்டு மெடிக்கலில் போய் மருந்து கேட்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது. ஒரு சொல்லுக்குள் நாலு நோய் இருக்கும். நாலுக்கும் வேறு வேறு மருந்து.

தோலைப் பார்த்துச் சொல்ல முதலில் விரல் வேண்டும், பிறகுதான் கண். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தடவுங்கள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் புள்ளி. டாக்டர் மேக்யூல் என்பார், ஒரு செ.மீ.க்கு மேல் அகலமானால் பேட்ச். கெட்டியாகச் சின்னதாகத் தட்டினால் குரு, அது பாப்யூல். மேடாக அகலமாகப் பரவியிருந்தால் ப்ளாக். உள்ளே தண்ணீர் இருந்தால் நீர்க்கொப்புளம்; சின்னது வெசிக்கிள், பெரியது புல்லா. சீழ் என்றால் பஸ்ட்யூல். ஆழத்தில் உருண்டால் நாட்யூல், நம் பேச்சில் கட்டி.

மேலே படிந்திருப்பதைக் கவனிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். செதில் வேறு, பொருக்கு வேறு. செதில் என்பது தோலே காய்ந்து உதிர்வது, வெள்ளையாக, லேசாக. பொருக்கு என்பது உள்ளிருந்து கசிந்த நீரோ சீழோ இரத்தமோ காய்ந்து ஒட்டியது. குழந்தையின் மூக்கடியில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தால் அது இம்பெட்டிகோ, பாக்டீரியாத் தொற்று. அதற்குப் பூஞ்சைக் களிம்பு பூசிப் பயனில்லை. "செதில் உதிருது" என்பதும் "பொருக்குக் கட்டுது" என்பதும் டாக்டருக்கு இரண்டு வேறு செய்திகள்.

காணாக்கடி என்ற சொல்லை யார் உண்டாக்கினார்களோ, கும்பிடலாம். கடித்தது எது என்று காணவில்லை, தடிப்பு மட்டும் இருக்கிறது. மருத்துவத்தில் இது அர்ட்டிகேரியா. இதன் அடையாளம், எந்த ஒரு தடிப்பும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்காது. இங்கே அடங்கி அங்கே எழும்பும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு மணியைக் குறித்து வையுங்கள். மறுநாள் அதே நேரம் வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை என்றால் காணாக்கடி. அதே இடத்தில் அப்படியே இருந்தால், அல்லது நீலம் பாரித்த தடம் விட்டுப் போயிருந்தால், அது வேறு, காட்ட வேண்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ பேனாவைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறையாத புள்ளி தோலுக்கடியில் கசிந்த இரத்தம். டெங்குக் காலத்தில் அதைப் பார்த்தபின் காத்திருக்கக் கூடாது.

இனித் தேமலுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் அதிகம் பேரைக் குழப்பும் சொல் இதுதான்.

வெயிலில் வேலை செய்பவரின் மார்பு, முதுகு, தோளில் சின்னச் சின்னதாக வெளிறியோ பழுப்பாகவோ திட்டுத் திட்டாக வருவது ஒரு தேமல். நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு மாதிரிப் பொடி உதிரும். இது பிட்டிரியாசிஸ் வெர்சிகலர். எல்லோர் தோலிலும் குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட், வியர்வையும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்தால் பெருகி இப்படிச் செய்கிறது. 2.5 சதவீத செலினியம் சல்ஃபைடு ஷாம்பூவைத் தடவிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவுவதை ஏழு நாள் செய்தால் ஈஸ்ட் அடங்கும்; டாக்டர் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் எழுதுவார். ஆனால் நிறம் உடனே திரும்பாது, மாதக்கணக்கில் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பூசுவது இங்கேதான் நடக்கிறது. சுரண்டினால் பொடி உதிரவில்லை என்றால் ஈஸ்ட் போய்விட்டது, நிறத்துக்காகக் காத்திருந்தால் போதும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறல் இரண்டாவது. ஓரம் தெளிவாக இருக்காது, லேசாகச் சொரசொரக்கும். பிட்டிரியாசிஸ் ஆல்பா. வயிற்றில் பூச்சி என்று வீட்டில் சொல்வார்கள். பூச்சி மாத்திரை கொடுப்பதில் தவறில்லை, ஆனால் கன்னத்துக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை. அது தோல் வறட்சி. ஓசூர்ப் பக்கத்து மார்கழி, தைக் குளிரில் கூடும். சோப்பைக் குறைத்து, குளித்த ஈரம் காய்வதற்குள் வாசலினோ மாய்ஸ்சரைசரோ பூசினால் போதும்.

மூன்றாவது, பால் வெள்ளை. ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், செதில் இருக்காது, அந்த இடத்து முடிகூட வெளுத்திருக்கும். இது விட்டிலைகோ, வெண்புள்ளி. வெண்குஷ்டம் என்ற பழைய சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. அந்த ஒரு சொல்லால் எத்தனை பெண்களின் கல்யாணம் நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. நெற்றிப் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையைச் சந்தேகப்படுங்கள். அதில் சேர்க்கப்படும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நிறமி செல்களையே கொல்லக்கூடியது. உடனே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு.

நான்காவதைத்தான் தவறவிடக் கூடாது. வெளிறியோ செம்பு நிறத்திலோ ஒரு திட்டு. அரிக்காது, வலிக்காது, வியர்க்காது. ஒன்றும் செய்யாததாலேயே வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சுகாதாரத் துறைச் சுவரெழுத்தில் இருக்கும் "உணர்ச்சியற்ற தேமல்" இதுதான், தொழுநோயின் முதல் அடையாளம். பஞ்சை நூலாகத் திரித்து, நோயாளியைக் கண் மூடச் சொல்லி, நல்ல தோலில் ஒரு முறை, தேமலில் ஒரு முறை தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். இழுக்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். தேமலில் தொட்டது தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். முகத்துத் திட்டில் மட்டும் உணர்ச்சி மிச்சம் இருக்கக்கூடும், அதை வைத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கூட்டு மருந்து இலவசம்; திட்டுகளின் எண்ணிக்கையையும் நரம்பையும் பார்த்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கொடுப்பார்கள். அதில் உள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும், க்ளோஃபசிமின் தோலைக் கருக்கும். இரண்டும் மருந்தின் நிறம், கெடுதல் இல்லை. இதைச் சொல்லாமல் கொடுத்தால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

படைக்குப் போவோம். பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் "அண்ணா, படைக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்றால் சீட்டுக் கேட்காமல் ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, சிவப்பு மங்குகிறது. நிறுத்தினால் பத்து நாளில் இரண்டு மடங்காகத் திரும்புகிறது. மீண்டும் அதே ட்யூப்.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். க்ளோட்ரிமசோல் என்று ஒரு பெயர், க்ளோபெட்டசால் என்று ஒரு பெயர். இரண்டும் க்ளோவில் தொடங்கும், காதில் ஒன்றுபோலவே விழும். முதலாவது பூஞ்சையைக் கொல்லும். இரண்டாவது மிக வீரியமான ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்பை அடக்கும். அரிப்பு என்பது பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு சண்டையை நிறுத்துகிறது, பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. பெயரைப் பிரிக்க வால் உதவும்: கோனசோல், ட்ரிமசோல் என்று "அசோல்" ஓசையில் முடிவதும் டெர்பினஃபினும் பூஞ்சை மருந்துகள். க்ளோபெட்டசாலின் வால் அதுபோலக் கேட்டாலும் ஏமாறாதீர்கள்; அதுவும் பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் ஆகியவையும் ஸ்டீராய்டு. தோலில் பூசும் இந்த ஸ்டீராய்டுகளை மத்திய அரசு 2018-ல் ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கிடைக்கிறது. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் காகிதம்போல் மெலிந்து, கர்ப்பிணி வயிற்றில் விழுவதுபோல் வரிவரியாகக் கோடு விழும். பூஞ்சையைக் குணப்படுத்திவிடலாம், அந்தக் கோடு போகாது.

உண்மையான படர்தாமரைக்கு ஓரம்தான் சாட்சி. ஓரம் மேடாக, சிவந்து, செதிலோடு. நடுவில் ஆறியதுபோல் வெளுத்து. ஸ்டீராய்டு பூசிய படையில் அந்த ஓரமே அழிந்துபோகும். டாக்டருக்கும் அடையாளம் தெரியாது. அதனால்தான் அதற்கு மாறுவேடமிட்ட டீனியா என்ற பொருளில் டீனியா இன்காக்னிட்டோ என்று பெயர். அதோடு, இப்போது நம் நாட்டில் பரவியிருக்கும் பூஞ்சையே பழையது இல்லை. 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப் பெயர் பெற்ற இந்த இனம் டெர்பினஃபினுக்குப் பல நேரம் அடங்குவதில்லை. இரண்டு வாரத்தில் போகும் படை என்ற காலம் முடிந்துவிட்டது.

பூசும் முறையில்தான் பாதிக் குணம் இருக்கிறது. படையின் நடுவில் பூசினால் போதாது. பூஞ்சை உயிரோடு முன்னேறுவது ஓரத்தில். வெளியே இரண்டு செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து, வெளியிலிருந்து உள்நோக்கிப் பூச வேண்டும். தோல் தெளிந்தபின்னும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். அளவுக்கு விரல் நுனியே படி: ஆள்காட்டி விரலின் மேல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது காணும். இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதியிருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கூடவே கேஸ் மாத்திரை போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வேறு மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அரைஞாண் கயிறு! இடுப்புப் படை திரும்பத் திரும்ப வருபவர்கள் முதலில் அதைப் பாருங்கள். வருடக்கணக்கில் வியர்வை ஊறிய கயிற்றில் செதிலோடு பூஞ்சையும் குடியிருக்கும். நம்பிக்கையை விட வேண்டியதில்லை. பழையதை அவிழ்த்துவிட்டு, குணமானபின் புதியது கட்டிக்கொள்ளலாம். வெள்ளி என்றால் கழற்றிச் சோப்புப் போட்டுக் காயவைக்கலாம். வீட்டில் ஒரே துண்டு, ஒரே சோப்பு என்றிருந்தால் ஒருவருக்குப் போய் அடுத்தவருக்கு வந்துகொண்டே இருக்கும். ஜீன்ஸ் ஈரமாகப் போடுவதை நிறுத்தாமல் எந்த மருந்தும் பலிக்காது.

சொறி சிரங்கு இன்னொரு கணக்கு. இது பூச்சி, சார்க்காப்டிஸ் ஸ்கேபியை. பெண் பூச்சி அரை மில்லி மீட்டர்கூட இருக்காது; தோலுக்குள் சுரங்கம் போட்டு முட்டையிடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்குறி, முலைக்காம்பு ஆகிய இடங்களில் குரு, ராத்திரியில் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் இதுதான். முதல் முறை வருபவருக்குப் பூச்சி ஏறி நாலைந்து வாரம் கழித்துத்தான் அரிக்கும். எனவே அரிக்காதவரும் சுமந்துகொண்டிருப்பார். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும் என்பது இதற்காகத்தான். 5 சதவீத பெர்மெத்ரின், பெரியவருக்குச் சுமார் 30 கிராம், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை. விரல் இடுக்கு, நக அடி, பிட்ட மடிப்பு எதுவும் விடக் கூடாது. 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும். ஏழாம் நாள் இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இதில் கைதான் கெடுக்கிறது. பூசிவிட்டுச் சாப்பிடக் கை கழுவுவார்கள். பூச்சி அதிகம் இருக்கும் இடமே விரல் இடுக்குதான். கழுவினால் திரும்பப் பூசுங்கள். பூசியபின் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கும், செத்த பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் தோல் காட்டும் கோபம் அது. அதைப் பார்த்து நாலாவது, ஐந்தாவது முறை பூசி மருந்தாலேயே தோலை எரித்துக்கொள்ளாதீர்கள். துணிகளைக் கொதிநீரில் துவைக்கலாம். கம்பளியை ஒரு பாலிதீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் பூச்சி பட்டினியில் சாகும்.

அக்கி என்றால் நம் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வது வழக்கம். அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் மக்களுக்கு உள்ள பற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். எழுதுபவர்களும் அன்போடு, பெரும்பாலும் காசு எதிர்பார்க்காமல் செய்கிறார்கள். ஆனால் கணக்கு இதுதான்: உண்மையான அக்கி, ஹெர்ப்பிஸ் ஸோஸ்டர், சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் ஒளிந்திருந்து மீண்டும் எழுவது. ஒரு நரம்பின் வழியில், உடம்பின் ஒரு பக்கம் மட்டும், கச்சை கட்டினாற்போல் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எரிச்சல் தொடங்கும். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் குறைப்பார்கள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி எழுதி மூன்று நாள் பார்ப்போம் என்றால் அந்த 72 மணி நேரம் போய்விடும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புண் ஆறியும் மாதக்கணக்கில் நரம்பு எரியும். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்தாலும் கண்ணுக்கு ஆபத்து என்று பொருள், இரண்டுக்கும் ஒரே நரம்புக் கிளை. அன்றைக்கே கண் டாக்டர். காவியை எழுதிக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், கொப்புளம் உடைந்த இடத்தில் வேண்டாம், மாத்திரையைத் தொடங்கிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கி என்று வருபவற்றில் ஒரு பகுதி அக்கியே இல்லை. மழை விட்ட இரவுகளில் டியூப்லைட்டுக்கு வரும் ஒரு சின்ன வண்டு, எறும்பு மாதிரி, கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். கழுத்தில் ஊர்வதைக் கையால் தேய்த்து நசுக்கினால் அதன் உடம்பில் உள்ள பெடெரின் தோலை எரிக்கும். மறுநாள் கோடு இழுத்தாற்போல் சிவந்து கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால், மடக்கும்போது ஒட்டும் எதிர்ப்பக்கத்திலும் அதே வடிவில் அச்சு விழும். அந்த இரட்டை அச்சைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அலர்ஜி என்ற சொல்லும் ஒரு பெரிய மூட்டைதான். ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் சாமந்தி பறிப்பவர்களுக்குக் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து, கருத்து, தோல் யானைத்தோல்போல் வரிவரியாகியிருந்தால், தோட்டத்தைச் சுற்றி நிற்கும் பார்த்தீனியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் காங்கிரஸ் கிட என்பார்களே, அதுதான். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாத தோல் இன்னொன்றுக்கும் எழும்பக்கூடும். வெயிலால் வந்ததா, காற்றில் பறக்கும் செடித் தூளால் வந்ததா என்று அறிய மூன்று இடம் பாருங்கள்: மேல் இமை, காது மடலின் பின்புறம், தாடையின் அடிப்பக்கம். வெயில் அங்கே விழாது, தூள் விழும். அந்த மூன்றும் பாதித்திருந்தால் தூள். உறுதிப்படுத்த, சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டிப் பார்ப்பார்கள், இதுதான் பேட்ச் டெஸ்ட். 48 மணி நேரம் நனைக்கக் கூடாது, பிரித்தபின் மறுபடி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தும் போய்க் காட்ட வேண்டும். முதல் நாளோடு விட்டால் தாமதமாக எழும்பும் தடிப்பு தவறிப்போகும். செடியைக் காயவிட்டு எரிப்பதும் வெறுங்கையால் பிடுங்குவதும் கூடாது. பூக்கும் முன், ஈர மண்ணில், கையுறையோடு.

மாந்தோப்பில் வேறு. காம்பை ஒடித்ததும் பீறிடும் பால் பட்டால் தோல் கருகும், சிலருக்கு இரண்டு நாள் கழித்து அரிப்போடு கொப்புளிக்கும். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். காம்பை நீளமாக விட்டு அறுப்பது பழத்துக்கும் நல்லது, பறிப்பவர் கைக்கும் நல்லது. பட்டுவிட்டால் துடைத்துத் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் சோப்போடு கழுவ வேண்டும்.

முடிக்கு ஒரு சொல் மட்டும் சொல்கிறேன்: புழுவெட்டு. ரூபாய் நாணயம் அளவு வட்டமாக, வழவழவென்று, செதிலே இல்லாமல் முடி போயிருக்கும். இங்கேயும் புழு இல்லை. அலோபீசியா ஏரியேட்டா என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவது. பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைக்கும். அந்தப் புண்ணியம் எல்லாம் சின்ன வெங்காயத்துக்குப் போய்ச் சேர்கிறது. வெங்காயத்தோடு நின்றாலும் பரவாயில்லை. பூண்டை அரைத்துக் கட்டுகிறார்கள், அது தோலை நிஜமாகவே சுட்டுவிடும், தழும்பு விழுந்த இடத்தில் பிறகு முடி வரவே வராது. குழந்தையின் தலையில் வட்டத்தோடு செதிலும் ஒடிந்த முடியும் இருந்தால் அது புழுவெட்டு இல்லை, டீனியா கேப்பிட்டிஸ். பூஞ்சை முடிக்குள் இருப்பதால் மேலே பூசும் களிம்பு எட்டாது, வாய்வழி மாத்திரை வேண்டும். டெங்கு, டைஃபாய்டு, பிரசவம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது டீலோஜன் எஃப்ளூவியம். பயம் வேண்டாம், திரும்ப வரும்.

நகத்தில் நகச்சுத்தி எல்லோருக்கும் தெரியும். எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகுவதும் தெரியும். திடீரென வந்து துடித்துச் சீழ் பிடிப்பது ஒரு வகை, பாரோனிக்கியா. வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நாலு முறை முக்கினால் ஆரம்ப நிலை அடங்கும்; சீழ் கோத்துவிட்டால் கீறித்தான் எடுக்க வேண்டும். பழத்துக்குள் விரல் இருக்கும்வரை சீழ் கோப்பது கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரை நோயாளிகள் இந்த எலுமிச்சை வைத்தியமே செய்யக் கூடாது. இன்னொரு வகை மெதுவானது. பட்டு நூற்பில் கூடு வேகும் நீரில் நாள் முழுக்கக் கை வைப்பவர், ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பவர், இவர்களுக்கு நகத்தடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல், க்யூட்டிக்கிள், கரைந்துபோகும். அது நகத்துக்கும் சதைக்கும் இடையே வைத்த பூச்சுச் சுண்ணாம்பு மாதிரி. போனால் தண்ணீரும் கிருமியும் உள்ளே இறங்கி ஓரம் மொத்தமாக உப்பிக்கொள்ளும், நகத்தில் குறுக்கே மேடு பள்ளம் விழும். ஆன்டிபயாடிக் மட்டும் தின்று பயனில்லை. க்யூட்டிக்கிள் மறுபடி வளர்ந்து ஒட்டும்வரை, அதாவது மாதக்கணக்கில், ஈரம் குறைய வேண்டும். நூல் முனையை விரலால் தேடுபவரிடம் ரப்பர் கையுறை போடச் சொல்வது நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் விரல் இடுக்கு வரை ஒற்றி உலர்த்தி வாசலின் தடவுவதும், வீட்டுப் பாத்திரத்தையாவது இன்னொருவர் தேய்ப்பதும் நடக்கும்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி கால்சியக் குறைவு இல்லை. எங்கோ இடித்த தடம். கரண்டிபோல் குழிந்தால் இரும்புச் சத்தைப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் ஒரே நகத்தில் புதிதாக நெடுக்கே கருப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால் தாமதிக்காமல் காட்டுங்கள். கை நகம் மாதத்துக்கு மூன்று மி.மீ., கால் நகம் ஒரு மி.மீ. அளவுக்குத்தான் வளரும். கால் பெருவிரல் நகப் பூஞ்சைக்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் நகம் பழையபடியே இருக்கிறதே என்பார்கள். பார்க்க வேண்டியது நுனியை அல்ல, அடியை. அடியில் தெளிவான நகம் எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் மருந்து வேலை செய்கிறது. முழு நகமும் மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம்.

தோல் ஓ.பி.க்கு வரும் அன்று மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் பூசாமல் வாருங்கள். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு அந்த வெறும் தோல்தான் வேண்டும். அரித்துச் சிவந்திருக்கும் நேரத்தில் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காணாக்கடியைப் பொறுத்தவரை டாக்டர் முன் உட்காரும்போது பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. இதுவரை பூசிய ட்யூப்களையும், காலியாகிப் பிழிந்து சுருட்டியதையும்கூட, தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அட்டைப் பெட்டி எப்போதோ போயிருந்தாலும், ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் அந்தக் கலவையின் பெயர் இருக்கும்.